மறு திரையையும் காட்டு!

வீட்டுக்கு ஒரு கணினி என்பதே இன்றும் பலருக்கு எட்டாக் கனி. அந்தக் கணினிக்கு ஒரு திரை போதாதென்று மற்றொன்றும் வேண்டுமாம்! "ஆடம்பரம்" என்பர் அன்பர் சிலர். "வேலையற்ற வேலை" என்பர் வேறு சிலர். பங்குச் சந்தையிலே பணம் பண்ணுவோர் மேசையில் நான்கு திரைகள் மின்னும்போது வியந்து வாய் பிளக்கிறவர்களே, பள்ளி ஆசிரியை ஒருத்தியின் மேசையில் இரண்டு திரைகளைக் கண்டதும் புருவத்தை உயர்த்துகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விடை என்னிடம் இருக்கிறது. அது பொழுதுபோக்குக் கதையன்று. பகுத்தறிவாளர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஒரே திரை இருக்கும்போது, எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? சுட்டியைக் கையில் பிடித்திருப்பவர். அவர் ஒன்றைக் காட்டுவார், மறைப்பார், மற்றொன்றைக் காட்டுவார். முன்பு கண்டதும் பின்பு கண்டதும் ஒன்றுக்கொன்று முரணா, உடன்பாடா என்று ஒப்பிட்டுப் பார்க்க, பார்ப்பவரிடம் நினைவு ஒன்றுதான் மிச்சம். இரண்டு திரைகள் அருகருகே நிற்கும்போதோ, கழுத்தைச் சற்றுத் திருப்பினால் போதும்! இதையும் பார்க்கலாம், அதையும் பார்க்கலாம், மீண்டும் இதைப் பார்க்கலாம். எவர் தயவும் வேண்டியதில்லை. காட்டுபவர் கையிலிருந்த அதிகாரம், காண்பவர் கண்ணுக்கு வந்து சேருகிறது.

ஏட்டை ஒருவர் மட்டுமே பார்த்து, மற்றவர்க்கு ஓதிக் காட்டி, ஓதியதே உண்மை என்று ஊரை நம்ப வைத்த நாட்டிலே, இது சிறிய மாற்றமா?

மேனாட்டிலே இந்த வசதி புதிதன்று. 1987-இல் வந்த மேக்கின்டாஷ் இரண்டு என்ற கணினியிலேயே பல திரைகளை இணைக்க வழியிருந்தது. 1998-இல் வந்த விண்டோஸ் 98, அதையே பெருவாரியான மக்களின் கணினிக்குக் கொண்டுவந்தது. ஆனால் வழியிருப்பது வேறு, வாய்ப்பிருப்பது வேறு. திரையின் விலை தடுத்தது. இன்று அலுவலகங்கள் அகலத் திரைகளை வாங்கிக்கொண்டு, பழைய சதுரத் திரைகளை மூட்டை கட்டி விற்கின்றன. அப்படிக் கழித்துவிடப்பட்ட ஒன்றை, 2,000 ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்து நான் வாங்கினேன். கோடீசுவரர் விளையாட்டன்று, மாதச் சம்பளக்காரியின் சிக்கனம்!

வாங்கியதும் முதல் தடை கடையிலேயே எழுந்தது. என் கணினியின் முதுகில் இரண்டு செருகுவாய்கள். ஒன்று டிஸ்பிளே போர்ட். அதிலே என் முதல் திரை இணைந்திருந்தது. மற்றொன்று எச்.டி.எம்.ஐ.; அது சும்மா இருந்தது. பழைய திரையிலோ வி.ஜி.ஏ., டி.வி.ஐ. என்னும் இரண்டு வாய்கள். எச்.டி.எம்.ஐ. இல்லை. "இதுவும் அதுவும் சேராது டீச்சர். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்றார் கடையிலிருந்தவர்.

சேராதா? வடிவம் வேறு, உண்மைதான். ஒன்று அகன்ற வாய், பல ஊசிகள். மற்றொன்று தட்டையான சிறு வாய். ஆனால் 1999-இல் வந்த டி.வி.ஐ.யும், 2002-இல் வந்த எச்.டி.எம்.ஐ.யும் படத்தை அனுப்பும் முறையில் ஒரே குலம்! ஒரே வகை எண்முறைக் குறிகளே இரண்டிலும் ஓடுகின்றன. ஒரு முனையில் இந்த வாயும் மறு முனையில் அந்த வாயும் கொண்ட எளிய கேபிள் ஒன்று போதும். இடையிலே மாற்றுக் கருவி ஏதும் வேண்டாம். ஒலி மட்டும் வராது. என் பழைய திரையிலோ ஒலிபெருக்கியே இல்லை. எனவே இழப்பும் இல்லை.

1987-இல் பிறந்த வி.ஜி.ஏ.வின் கதை வேறு. அதிலே ஓடுவது எண்முறைக் குறியன்று, ஏறி இறங்கும் மின்னலை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து அதற்குச் செல்ல, குறியை அலையாக மாற்றித் தரும் சிறு கருவி நடுவே இருந்தாக வேண்டும். வெறும் கேபிளை வாங்கிச் செருகினால் படம் வராது.

எது சேரும், எது சேராது என்பதை வாயின் வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. உள்ளே ஓடுவதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மனிதர் விவகாரத்திலே இந்த உண்மையை உணர்ந்திருந்தால், நம் நாட்டில் எத்தனை சேரிகள் தனியே நின்றிருக்காது! எத்தனை காதலர் தண்டவாளத்தில் கிடந்திருக்க மாட்டார்! தோற்றத்தைக் காட்டி, பிறப்பைக் காட்டி, "இதுவும் அதுவும் சேராது" என்று தீர்ப்புக் கூறும் கடைக்காரர்கள் கணினிக் கடையில் மட்டுமா இருக்கிறார்கள்?

கேபிள் வந்தது. இணைத்தாயிற்று. இரண்டாம் திரை இருண்டே கிடந்தது. "நோ சிக்னல்" என்று ஒரு வரி தோன்றி மறைந்தது.

பார்த்துக்கொண்டிருந்த என் அத்தை, "இன்னிக்கு அஷ்டமிடி. அஷ்டமியில தொட்டா இப்படித்தான். எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுட்டு நாளைக்குப் பாரு" என்றார். அவர் தீயவர் அல்லர். என்னைப் படிக்க வைக்கத் தம் வளையலை அடகு வைத்தவர். அன்பு நிறைந்த உள்ளத்திலும் அச்சத்தைக் குடியேற்றி வைத்திருக்கிறார்களே, அதுதான் கொடுமை!

நான் எலுமிச்சையைத் தேடவில்லை; காரணத்தைத் தேடினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிப்பது, மற்றவற்றை அப்படியே விட்டுவைப்பது — அறிவியல் நமக்குத் தந்த எளிய முறை அதுதான். திரையின் ஓரத்தில் சிறு விளக்கு எரிகிறது. எனவே மின்சாரம் குற்றமற்றது. என் முதல் திரையைக் கழற்றி எச்.டி.எம்.ஐ. வாயில் இணைத்தேன், படம் வந்தது. எனவே கணினியின் வாய் குற்றமற்றது. மீண்டும் பழைய திரையை இணைத்துவிட்டு, கணினியின் காட்சி அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே திரைகள் இரண்டு என்று காட்டியது! திரை ஒவ்வொன்றும் தன் பெயரையும், தான் காட்டவல்ல புள்ளிகளின் அளவையும் கேபிள் வழியாகவே கணினிக்குச் சொல்கிறது. பெயர் வந்து சேர்ந்திருக்கிறதென்றால் கேபிளும் குற்றமற்றது. எஞ்சியது ஒன்றே ஒன்று. இரு வாய்கள் கொண்ட அந்தத் திரை, எந்த வாயைக் கேட்டுக்கொண்டிருக்கிறது? விளிம்பிலிருந்த பொத்தானை அழுத்தினேன். முன்பு அதை வைத்திருந்த அலுவலகம் விட்டுச் சென்றபடியே, வி.ஜி.ஏ. வாயிலேயே அது காத்திருந்தது. டி.வி.ஐ. என்று மாற்றினேன். அஷ்டமியிலேயே ஒளிர்ந்தது!

அத்தை எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் மாவரைக்கும் இயந்திரம் நின்றபோது, "முதல்ல ஒயரைப் பாரு, அப்புறம் பிளக்கைப் பாரு" என்று அவர் குரல் சமையலறையிலிருந்து கேட்டது. ஒரு சொற்பொழிவு செய்யாத வேலையை ஒரு பொத்தான் செய்துவிட்டது.

திரை ஒளிர்ந்தது, ஆனால் இரண்டிலும் ஒரே காட்சி. விண்டோஸ் விசையையும் பி என்ற எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் தோன்றும்: கணினித் திரை மட்டும், நகல், நீட்டிப்பு, இரண்டாம் திரை மட்டும். நகல் என்றால், ஒன்றில் உள்ளதையே மற்றதும் காட்டும். நீட்டிப்பு என்றால், இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய மேசையாகும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஏட்டை விரிக்கலாம். நான் நீட்டிப்பைத் தேர்ந்தேன்.

நகலுக்கும் நீட்டிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இளைஞர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியிலே ஒரு புரளி வருகிறது. அதே புரளி உறவினர் குழுவிலும் வருகிறது, ஊர்க் குழுவிலும் வருகிறது, பழைய மாணவர் குழுவிலும் வருகிறது. "பத்துப் பேர் சொல்கிறார்களே, பொய்யாகவா இருக்கும்?" என்கிறோம். பத்துப் பேர் சொல்லவில்லை தோழர்களே! ஒருவர் சொன்னதைப் பத்துத் திரைகள் நகலெடுத்திருக்கின்றன. நகல் சான்றாகாது. ஆயிரம் திரைகளில் மின்னினாலும் அது ஒரே காட்சிதான்.

நீட்டிப்பைத் தேர்ந்த பிறகும் சில வேலைகள் உண்டு. எந்தத் திரை இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று கணினிக்குத் தெரியாது. காட்சி அமைப்பிலே 1, 2 என எண்ணிட்ட இரு கட்டங்கள் தோன்றும். மேசையில் இருப்பது போலவே அவற்றை இழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுட்டியை வலப்பக்கம் தள்ளினால் சுவரில் முட்டியது போல் நிற்கும். இடப்பக்கம் தள்ளினால் வலத்திரையில் முளைக்கும். என் முதல் திரையில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080 என 20,73,600 புள்ளிகள். பழையதில் 1280-க்கு 1024 என 13,10,720 புள்ளிகள். இரண்டும் சேர்ந்து 33,84,320. ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தை வினாடிக்கு 60 முறை கணினி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதாவது வினாடிதோறும் 20 கோடிப் புள்ளிகளுக்கு மேல்! மந்திரம் இல்லை, மாயம் இல்லை. மனித மூளை போட்ட கணக்கு.

"எந்தத் திசை பார்த்து வைத்தாய்? வாஸ்து பார்த்தாயா?" என்று கேட்டவரும் உண்டு. பார்த்தேன், வாஸ்துவை அன்று, சன்னலை! சன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் ஒளி பட்டுக் கண் கூசும். எதிரே இருந்தாலும் கூசும். பக்கவாட்டில் இருந்தால் நலம். அதிகம் பார்க்கும் திரை நேர் எதிரே, கை நீட்டும் தொலைவில், அதன் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும். மற்றது அதனருகே சற்றே உட்புறம் திரும்பி நிற்க வேண்டும். கழுத்து வலிக்காது. இதுதான் எனக்குத் தெரிந்த திசைச் சாத்திரம்.

சரி, இத்தனை பாடும் எதற்கு? ஒரு பக்கம் மதிப்பெண் பதிவேடு, மறுபக்கம் அதை ஏற்ற வேண்டிய அரசுத் தளம். ஒரு பக்கம் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தின் பழைய இதழ், மறுபக்கம் நான் எடுக்கும் குறிப்பு. இவை அன்றாடப் பயன்கள். ஆனால் அந்தச் சதுரத் திரைக்கு நான் கொடுத்த விலை வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை மாலையில்.

எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி. தறி ஓட்டுபவரின் மகள்; நல்ல மதிப்பெண். கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரம். தந்தையோ தயங்குகிறார். மகளுக்கு ஏழரைச் சனியாம்! சனி பெயரும்வரை புதிதாக எதுவும் தொடங்கக் கூடாதென்று சோதிடர் சொல்லிவிட்டாராம். விண்ணப்பத்தின் கடைசி நாளோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அழுது சிவந்த கண்களோடு மகள் அவரை என் வீட்டுக்கு அழைத்து வந்தாள். வந்தவர் தம் கைப்பேசியை நீட்டினார். "சும்மா சொல்லலை டீச்சர். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே போனா செயற்கைக்கோளே மூணு வினாடி நின்னு போகுதாம். நாசாவே சொல்லியிருக்கு" என்றார்.

நான் சீறவில்லை, சிரிக்கவில்லை. அந்தச் செய்தியை இடத்திரையில் பெரிதாக வைத்தேன். வலத்திரையில் பன்னாட்டு விண்வெளி நிலையம் இப்போது எங்கே பறக்கிறது என்று காட்டும் வரைபடத்தைத் திறந்தேன். பூமிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு 7.7 கிலோமீட்டர் அளவு வேகத்தில், ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு முறை உலகைச் சுற்றும் கலம் அது. மூன்று வினாடி நின்றால் 23 கிலோமீட்டர் பின்தங்க வேண்டும். காரைக்காலிலிருந்து நாகப்பட்டினத்தைத் தொட்டுவிடும் தொலைவு! ஒவ்வொரு முறையும் அப்படிப் பின்தங்கினால், அது எந்த ஊரில் எந்த நிமிடம் தெரியும் என்று முன்கூட்டி வெளியிடும் கால அட்டவணை பொய்த்துப் போகாதா? தவிர, சுற்றுப்பாதையில் ஓடும் கலம் நின்றால் மீண்டும் ஓடாது, கீழே விழும்.

"அட்டவணையைச் சோதிப்போமா?" என்றேன். அன்று மாலை எங்கள் ஊர் வானில் அது தெரியும் நேரம் திரையிலே இருந்தது. மூவரும் மொட்டை மாடிக்குச் சென்றோம். சொன்ன நிமிடத்தில், சொன்ன திசையில், விண்மீனைப் போன்ற ஓர் ஒளி எழுந்தது; தயங்காமல், நிற்காமல் வானைக் கடந்து சென்றது. தறியோட்டியின் கண்கள் அதையே தொடர்ந்தன. அவருக்கு ஓட்டம் தெரியும், நிற்றல் தெரியும். நாள் முழுதும் நாடாவைப் பார்ப்பவர் அல்லவா!

கீழே இறங்கி வந்தோம். இடத்திரையில் சோதிடர் சொன்ன கணக்கு. வலத்திரையில் வானியல் கணக்கு. சனி என்னும் கோள் கதிரவனிலிருந்து சராசரியாக 143 கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 29.5 ஆண்டுகள். அதைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பங்கிட்டால், ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. மூன்று இராசிக்கு ஏழரை! இதுவரை சொன்னது கணக்கு. கணக்கோடு கண்ணீரைச் சேர்த்தது யார்? எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் பன்னிரண்டில் மூன்று இராசிக்காரருக்கு ஏழரை நடக்கிறது. அதாவது நால்வரில் ஒருவருக்கு! நாற்பது பேர் கொண்ட என் வகுப்பிலே ஏறத்தாழப் பத்துப் பேர் எப்போதும் பீடிக்கப்பட்டவர்கள். அவர்கள் அனைவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

பிறகு நான் பேசவில்லை. இடத்திரையில் சனிப் பெயர்ச்சி நாளை நிறுத்தினேன். வலத்திரையில் விண்ணப்பத்தின் கடைசி நாளை நிறுத்தினேன். சுட்டியை விட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அவர் இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார். மகளைப் பார்த்தார். மீண்டும் வலத்திரையைப் பார்த்தார். எத்தனை முறை அந்தக் கழுத்து திரும்பியது என்று நான் எண்ணவில்லை. இறுதியில் சொன்னார்: "சனி இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். தேதி போயிட்டா வராது."

அன்றிரவே விண்ணப்பம் சென்றது. ஒரு திரையில் சான்றிதழ்கள், மறு திரையில் படிவம். அந்தப் பெண்ணே தட்டச்சு செய்தாள். தந்தை நாத்திகராகிவிட்டார் என்று கதை கட்ட மாட்டேன். திருநள்ளாற்றுக்கு அவர் இன்னும் போகக்கூடும். ஆனால் மகளின் வாழ்வுக்கு நாள் குறிக்கும் உரிமையை அன்று கோளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். முதல் வெற்றி அது; முழு வெற்றி அவள் பட்டத்தோடு திரும்பும்போது வரும்.

அவரை வென்றது என் நாவன்மையன்று. இரண்டையும் ஒன்றாகக் காணக் கிடைத்த வாய்ப்பு. 1925-இல் 'குடி அரசு' இதழைத் தொடங்கிய பெரியார் மக்கள்முன் செய்ததும் இதைத்தானே! புராணம் சொல்வதை ஒரு பக்கம் வைத்தார், பட்டறிவு சொல்வதை மறுபக்கம் வைத்தார். "ஒப்பிட்டுப் பார், பிறகு உனக்குச் சரியெனப் பட்டதை ஏற்றுக்கொள்" என்று மக்கள் அறிவை நம்பி விட்டார்.

தோழர்களே! நம் இயக்கம் வளர்ந்தது மாளிகைகளில் அன்று, படிப்பகங்களில். கீற்றுக் கொட்டகையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் படிக்க, பலர் கேட்க, எழுத்தறியாதவரும் உலகறிந்தார். இன்று படிப்பகம் பல இடங்களில் பூட்டிக் கிடக்கிறது. பொய்யோ ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் திறந்து கிடக்கிறது. பூட்டைத் திறவுங்கள்! ஒரு பழைய கணினி, அலுவலகம் கழித்த இரண்டு திரைகள், ஒன்றிரண்டு கேபிள்கள் — ஊருக்கு நான்கு இளைஞர் முயன்றால் ஒரு திங்களில் திரட்டிவிடலாம். வந்த செய்தியை ஒரு திரையில் வையுங்கள். சான்றை மறு திரையில் வையுங்கள். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம், அரசு ஆணை என எது வேண்டி எவர் வந்தாலும், அமர வைத்து, இரண்டையும் காட்டுங்கள்.

காட்டிவிட்டு, சுட்டியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.